டென்மார்க்கில் விளையாட்டை நடத்துவது யார்?

டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறக்குறைய 60 லட்சம். கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலில், ஆண்கள் உலகக் கோப்பையை 2019, 2021, 2023, 2025 என்று தொடர்ந்து நான்கு முறை வென்ற நாடு அது. பாட்மிண்டனில் சீனாவும் இந்தோனேசியாவும் கோலோச்சிய தாமஸ் கோப்பையை 2016இல் கைப்பற்றிய முதல் ஐரோப்பிய நாடும் அதுதான். சைக்கிள் பந்தயத்தில் யோனாஸ் விங்கேகோர் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டூர் டி பிரான்ஸை வென்றார்.

இந்தப் பட்டியலைக் கேட்டவுடன் பலரும் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பணக்கார நாடு, அரசாங்கம் கொட்டிக் கொடுக்கிறது என்பார் ஒருவர். வைக்கிங் பரம்பரை, உடல்வாகே அப்படி என்பார் இன்னொருவர். எல்லோரும் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள், அதுதான் ரகசியம் என்பார் மூன்றாமவர். முதலாவதிலும் மூன்றாவதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அண்டை நாடுகளும் பணக்கார நாடுகள்தான். நெதர்லாந்திலும் எல்லோரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். டென்மார்க்கின் விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பதக்க மேடையைச் சற்று மறந்துவிட்டு, ஊருக்கு ஊர் இருக்கும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே விளையாட்டை நடத்துவது அரசும் அல்ல, பள்ளிக்கூடமும் அல்ல, கம்பெனிகளும் அல்ல. விளையாடுகிறவர்களே நடத்துகிறார்கள்.

பால் சங்கத்திலிருந்து தொடங்குவோம்

பால் கூட்டுறவுச் சங்கம் எப்படி இயங்கும் என்பது நமக்குத் தெரியும். மாடு வைத்திருப்பவர்கள் சேர்கிறார்கள், பங்குத் தொகை கட்டுகிறார்கள், தங்களுக்குள் ஒரு தலைவரையும் நிர்வாகிகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கணக்குப் பார்க்கிறார்கள். பால் ஊற்றுகிறவரும் முதலாளியும் ஒரே ஆள். டென்மார்க்கின் விளையாட்டுச் சங்கத்தை அப்படியே இதன் அச்சில் வைத்துப் பார்க்கலாம். பாலுக்குப் பதில் பந்து, அவ்வளவுதான்.

ஒப்புமை வெறும் வசதிக்காகச் சொன்னதில்லை; இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை 1882இல் யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்கில் யெடிங் என்ற சிற்றூரில் தொடங்கியது. 50 மாடு வைத்திருப்பவருக்கும் 2 மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஒரு வாக்கு. வாக்கு மனிதத் தலைக்கு, மாட்டுத் தலைக்கு இல்லை என்பது அந்தக் காலத்து டேனிஷ் விவசாயிகள் திரும்பத் திரும்பச் சொன்ன பேச்சு. அதே பத்தாண்டில், பெரும்பாலும் அதே ஆட்கள், அதே விதிமுறைகளோடு உடற்பயிற்சிச் சங்கங்களையும் தொடங்கினார்கள். பகலில் பால் பண்ணைக் கூட்டத்தில் கை தூக்கியவர், மாலையில் உடற்பயிற்சிச் சங்கக் கூட்டத்திலும் கை தூக்கினார். 1849ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்திருந்தது. அந்த உரிமையை விவசாயிகள் ஏட்டில் விட்டுவைக்கவில்லை.

சங்கத்துக்குள் நுழைந்து பார்த்தால்

இந்த அமைப்புக்கு டேனிஷ் மொழியில் ஃபொரேனிங் என்று பெயர். சேர விரும்பும் எவருக்கும் திறந்திருக்கும், லாப நோக்கமில்லாத, உறுப்பினர்கள் வாக்களித்து நடத்தும் அமைப்பு என்பது அதன் பொருள். இனி இதைச் சங்கம் என்றே குறிப்பிடுகிறேன்.

டென்மார்க்கின் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு விளையாட்டு அரங்கம் கண்ணில் படும். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கிடங்கு போலிருக்கும். அழகுக்காகக் கட்டியதில்லை. உள்ளே தரையில் பல நிறக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும்: ஹேண்ட்பாலுக்கு ஒரு நிறம், பாட்மிண்டனுக்கு ஒன்று, வாலிபாலுக்கு ஒன்று, கூடைப்பந்துக்கு ஒன்று. ஒரே தரையை எத்தனை பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. மாலை ஐந்து மணிக்குச் சிறுவர்கள் ஹேண்ட்பால் ஆடினால், ஏழு மணிக்கு அதே இடத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பாட்மிண்டன் ஆடுவார்கள். வாசலை ஒட்டி ஒரு சிற்றுண்டிச் சாலை இருக்கும். பிள்ளைகளின் பயிற்சி முடியும்வரை பெற்றோர் அங்கே காபி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஊர் விஷயங்கள் பாதி அங்கேதான் பேசி முடிவாகின்றன.

சிறுவர்களுக்குப் பயிற்சி தருபவர் யார் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரு குழந்தையின் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். அல்லது அதே சங்கத்தில் வளர்ந்த பதினேழு வயதுப் பெண்ணாக இருப்பார். பகலில் வேறு வேலை, மாலையில் இது. சம்பளம் கிடையாது, அல்லது செலவுக்குச் சிறு தொகை. வெளியூர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளைக் காரில் அழைத்துப்போவதற்கு ஒரு முறைப்பட்டியல் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் அணியின் சட்டைகள் அத்தனையும் ஒரே பையில் போய்ச் சேரும். இந்த வாரம் ஒரு வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம், அடுத்த வாரம் இன்னொரு வீட்டு இயந்திரம். நாட்டின் விளையாட்டுக் கட்டமைப்பு என்று பெரிய வார்த்தையில் நாம் சொல்வது அந்தப் பையையும் சேர்த்துத்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் குளிர்கால முடிவில், பொதுக்கூட்டம் நடக்கும். தலைவர் அறிக்கை படிப்பார், பொருளாளர் கணக்கு வைப்பார், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அடுத்த நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். சந்தா எவ்வளவு, புதிய பாய் வாங்குவதா, பெண்கள் அணிக்கு எந்த நேரத்தில் அரங்கம் ஒதுக்குவது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். கேட்பதற்குச் சலிப்பான விஷயம் போலத் தோன்றும். ஆனால் டென்மார்க்கின் விளையாட்டுப் பண்பாட்டில் இதைவிட முக்கியமான நிகழ்ச்சி வேறொன்று இல்லை என்பது என் திடமான கருத்து. தனக்கு ஒப்பாத முடிவுக்கும் பெரும்பான்மை வாக்கென்றால் கட்டுப்படுவது, ஊர்ப் பணத்துக்குப் பொதுவில் கணக்குச் சொல்வது, தோற்ற வேட்பாளரும் மறுநாள் வந்து நாற்காலி அடுக்குவது ஆகியவற்றை ஒரு சமூகம் இத்தனை சின்ன இடத்தில், இத்தனை முறை பழகுவது அரிது.

சுருக்கமாக: சங்கம் என்பது உறுப்பினர்களுக்குச் சொந்தமானது, பயிற்சி தருபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு.

அரசாங்கத்தின் பங்கு என்ன?

எல்லாவற்றையும் மக்களே செய்கிறார்கள் என்று சொன்னால் அது இன்னொரு தவறான கதையாகிவிடும். அரசுக்கும் நகராட்சிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்குக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது.

1968இல் டென்மார்க் நாடாளுமன்றம் ஓய்வுநேரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மக்களின் ஓய்வுநேரச் செயல்பாடுகளுக்கு நகராட்சிகள் துணைநிற்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஊருக்கு ஊர் அரங்கங்கள் எழுந்ததில் அந்தக் காலகட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. இன்று நடைமுறையில் இருப்பது 1991இல் வந்த மக்கள் கல்விச் சட்டம். விளையாட்டுக்கான விதி கல்விச் சட்டத்துக்குள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்து இயங்குவதையே குடிமக்களுக்கான கல்வியாக அந்த நாடு கருதுகிறது.

சட்டத்தின் சாரம் எளிது. நகராட்சி தன் அரங்கங்களையும் மைதானங்களையும் சங்கங்களுக்கு இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ ஒதுக்க வேண்டும். சங்கம் தானே இடம் வைத்திருந்தாலோ வாடகைக்கு எடுத்திருந்தாலோ, 25 வயதுக்கு உட்பட்டவர்களின் செயல்பாடுகளுக்கு ஆகும் இடச் செலவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை நகராட்சி ஏற்க வேண்டும். பதிலுக்குச் சங்கம் எழுத்துப்பூர்வமான விதிமுறைகள் வைத்திருக்க வேண்டும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு பழகும் பயிற்சியாளர் எவராக இருந்தாலும், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றப் பதிவு அவர்மீது இல்லை என்பதற்கான சான்றைச் சங்கம் பெற்றாக வேண்டும். ஆனால் எந்த விளையாட்டை ஆடுவது, யாரைப் பயிற்சியாளராக வைப்பது என்பவற்றில் நகராட்சி தலையிடுவதில்லை. இடத்தைத் தருவார்கள், ஆட்டத்தை உங்களிடம் விட்டுவிடுவார்கள்.

தேசிய அளவில் பணம் வரும் வழியும் தனித்தன்மை கொண்டது. டான்ஸ்கே ஸ்பில் என்ற லாட்டரி நிறுவனத்தின் 80 சதவீதம் அரசிடம் இருக்கிறது. மீதி 20 சதவீதம் நாட்டின் இரண்டு விளையாட்டுத் தலைமை அமைப்புகளிடம், ஆளுக்குப் பத்தாக இருக்கிறது. லாட்டரி வருமானத்தில் ஒரு பகுதி சட்டப்படி விளையாட்டுக்கும் பண்பாட்டுக்கும் போகிறது. சூதாட்டப் பணத்தில் விளையாட்டு வளர்வது சரியா என்ற கேள்வி எழுவது நியாயம்தான். டென்மார்க்கிலும் அது எழுகிறது.

தலைமை அமைப்பு ஏன் இரண்டு?

விளையாட்டு டென்மார்க்குக்கு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று கிராமம் வழியாக, மற்றொன்று கோபன்ஹேகன் வழியாக.

1864இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் போரில் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை டென்மார்க் இழந்தது. நாடு சுருங்கிப்போன அந்தக் காலத்தில், கிருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் பிறந்த மக்கள் உயர்பள்ளிகள் கிராமங்களில் பரவின. தேர்வோ பட்டமோ இல்லாமல், விவசாய இளைஞர்கள் தங்கிப் படித்த பள்ளிகள் அவை. 1884இல் வல்லெகில்டே உயர்பள்ளி, ஸ்வீடனிலிருந்து லிங் முறை உடற்பயிற்சியைக் கொண்டுவந்து அதற்கென ஒரு கூடமும் கட்டியது. அப்போது பிரதமர் எஸ்ட்ரூப், நாடாளுமன்றத்தின் மக்களவை ஏற்காத வரவு-செலவுத் திட்டங்களைத் தற்காலிகச் சட்டங்கள் மூலம் நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு எதிராக நின்ற விவசாயிகளுக்கு, ராணுவப் பாணிப் பயிற்சியைத் தள்ளிவிட்டு லிங் முறைக்கு மாறியது ஓர் அரசியல் அறிவிப்பாகவும் இருந்தது. லிங் முறையில் யாரும் யாரையும் வெல்ல வேண்டியதில்லை. எல்லோரும் சேர்ந்து அசைந்தால் போதும்.

நகரத்தில் கதை வேறு. 1876இல் தொடங்கிய கோபன்ஹேகனின் கேபி கழகம் ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பழைய கால்பந்துக் கழகங்களில் ஒன்று. ஆங்கிலேய ஆட்டங்கள் அதன் வழியாகவும் அதுபோன்ற கழகங்கள் வழியாகவும் பரவின. இங்கே போட்டிதான் உயிர்.

இந்த இரண்டு போக்குகளின் வாரிசுகள்தான் இன்றைய இரண்டு தலைமை அமைப்புகள். 1896இல் தொடங்கிய டிஐஎஃப் போட்டி விளையாட்டுகளின் கூட்டமைப்பு, ஒலிம்பிக் பொறுப்பும் அதனிடம்தான். டிஜிஐ கிராமப்புற உடற்பயிற்சி மரபிலிருந்து வந்தது. இன்றைய வடிவம் 1992இல் உருவானது. ஒரே ஊர்ச் சங்கம் இரண்டிலும் உறுப்பினராக இருப்பது சாதாரணம்.

கிராமத்து மரபு இன்னும் உயிரோடிருப்பதைப் பார்க்க மார்ச் மாதம் ஏதாவது ஓர் அரங்கத்துக்குப் போனால் போதும். பருவ முடிவில் சங்கங்கள் உடற்பயிற்சிக் காட்சி நடத்துகின்றன. தேசியக் கொடியும் சங்கக் கொடியும் முன்னே வர, மூன்று வயதுக் குழந்தைகளிலிருந்து பாட்டிமார்வரை குழுக்குழுவாக அணிவகுத்து உள்ளே வருவார்கள். ஒரே நிறச் சட்டை போட்ட சிறுவர்களில் இருவர் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பார்கள், ஒருவன் பார்வையாளர் வரிசையில் அம்மாவைத் தேடிக் கையசைப்பான். மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. அரங்கம் நிரம்பி வழியும்.

இந்த மரபுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1920இல் ஒல்லெரூப்பில் உடற்பயிற்சி உயர்பள்ளி தொடங்கி உலகப்புகழ் பெற்ற நீல்ஸ் புக், 1930களில் ஹிட்லரின் ஜெர்மனியை வியந்து பாராட்டினார். கூட்டாக அசையப் பழகியவர்கள் எல்லோரும் ஜனநாயகம் பழகியவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் பொதுக்கூட்டத்தை நான் அத்தனை அழுத்திச் சொன்னேன்.

ஹேண்ட்பால்: சொந்த ஆட்டம்

கால்பந்து இறக்குமதி, ஹேண்ட்பாலை டேனியர்கள் தங்கள் ஆட்டமாகவே கருதுகிறார்கள். ஓர்ட்ரூப்பில் ஆசிரியராக இருந்த ஹோல்கர் நீல்சன் 1906இல் அதன் விதிகளை வெளியிட்டார். ஏழு பேர், சின்னத் திடல், கையால் எறியும் பந்து. நீண்ட குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆடத் தோதான ஆட்டம். கிராமத்து அரங்கங்கள் எழுந்தபோது அவற்றின் தரைக்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்திவிட்டது.

பெண்கள் இதில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை. டென்மார்க் பெண்கள் அணி 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றது. ஆண்கள் அணியின் முதல் ஒலிம்பிக் தங்கம் 2016இல்தான் வந்தது. அக்காள்கள் வென்ற வீட்டில் தம்பிகள் பிற்பாடு வென்றார்கள் என்று சொன்னால் தவறில்லை.

ஆண்களின் உலகப் போட்டியும் ஐரோப்பியப் போட்டியும் ஜனவரியில் நடக்கின்றன. பிற்பகல் நான்கு மணியளவிலேயே இருட்டிவிடும் மாதம் அது. பண்டிகைகள் முடிந்து, வெளியே ஈரமும் காற்றுமாக இருக்கும்போது, குடும்பமே தொலைக்காட்சி முன் கூடுகிறது. பார்க்கிறவர்களில் ஏராளமானோர் சிறுவயதில் ஏதோ ஓர் அரங்கத்தில் அதே ஆட்டத்தை ஆடியவர்கள். கோல்கீப்பர் கையை விரிக்கும்போது பந்து தொடையில் பட்டால் எப்படி எரியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கால்பந்து: நாடு ஒன்றுகூடும் நேரம்

டென்மார்க்கில் மிக அதிகம் பேர் பின்தொடரும் ஆட்டம் கால்பந்துதான். ஆனால் 1978வரை உள்நாட்டில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆட அனுமதி இல்லை. விளையாட்டு பணத்துக்காக ஆடுவதில்லை என்ற சங்க மரபின் பிடி அத்தனை இறுக்கமாக இருந்தது. இன்றும் தொழில்முறைக் கழகங்கள் பலவும் ஒரு தாய்ச் சங்கத்தின் மேல் கட்டப்பட்ட கம்பெனிகளாகவே இருக்கின்றன. 1992இல் உருவான எஃப்.சி. கோபன்ஹேகனின் இரண்டு வேர்களில் ஒன்று, மேலே சொன்ன அந்த 1876ஆம் ஆண்டுக் கேபி கழகம்.

அதே 1992இல் நடந்ததை டேனியர்கள் மறப்பதே இல்லை. ஐரோப்பியக் கோப்பைக்கு டென்மார்க் தகுதி பெறவில்லை. போர் காரணமாக ஐ.நா. தடைக்குள்ளான யூகோஸ்லாவியா வெளியேற்றப்பட, கடைசி நேரத்தில் டென்மார்க்குக்கு அழைப்பு வந்தது. ரிச்சர்ட் மோலர் நீல்சனின் அணி ஜூன் 26 அன்று கோத்தன்பர்க்கில் உலகச் சாம்பியன் ஜெர்மனியை 2-0 என்று வென்றது. இரண்டாவது கோலை அடித்த கிம் வில்ஃபோர்ட், ரத்தப் புற்றுநோயில் இருந்த மகளைப் பார்க்கப் போட்டிக்கு நடுவே ஊருக்குப் போய் வந்தவர். அந்த மாதத் தொடக்கத்தில்தான் டேனியர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்திருந்தார்கள்.

2021 ஜூன் 12 அன்று, கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று கீழே விழுந்தார். சக வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்று, கேமராக்களிடமிருந்து மறைத்தார்கள். அவர் பிழைத்தார். அந்த அணி அரையிறுதிவரை போனது. அந்த வட்டத்தைப் பற்றி டென்மார்க்கில் பேசாத வீடே இல்லை என்று சொல்லலாம்.

பெண்கள் கால்பந்தின் கதையில் பெருமையும் வெட்கமும் கலந்திருக்கின்றன. 1971இல் மெக்சிகோவில் நடந்த அதிகாரபூர்வமற்ற உலகக் கோப்பையை டென்மார்க் பெண்கள் வென்றார்கள். இறுதி ஆட்டத்தின் மூன்று கோல்களையும் அடித்தவர் 15 வயது சூசன் அவுகுஸ்டெசன். அப்போது டென்மார்க் கால்பந்துச் சம்மேளனம் பெண்களைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மறுஆண்டுதான் சேர்த்தது.

பதக்கம் எங்கிருந்து வருகிறது?

டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் பாட்மிண்டன் தங்கம் வென்ற விக்டர் ஆக்செல்சன், ஆறு வயதில் ஓடென்சே நகரச் சங்கம் ஒன்றில் மட்டையைப் பிடித்தவர். டேனிஷ் பள்ளிகளில் உடற்கல்விப் பாடம் உண்டு, ஆனால் வீரர்கள் பள்ளி அணிகள் வழியாக மேலே வருவதில்லை. மதியம் பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் சங்கத்துக்குப் போகிறார்கள். அங்கே ஏராளமானோர் விளையாட்டுக்காக ஆடுகிறார்கள், சிலருக்குத் திறமை தெரிகிறது, அவர்களில் மிகச் சிலர் உயர்மட்டத்துக்குப் போகிறார்கள். இந்தியாவின் பிரகாஷ் படுகோன்கூட 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றபின் டென்மார்க்கில் தங்கித்தான் தன் ஆட்டத்தைத் தீட்டினார்.

உச்சியில் மட்டும் அரசு நேரடியாகக் கை கொடுக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் டீம் டான்மார்க் என்ற உயர்மட்ட விளையாட்டு அமைப்பை உருவாக்கியது. வீரரின் படிப்பும் வாழ்வும் கெடாமல், சமூகப் பொறுப்போடு திறமையை வளர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எப்போதும் அப்படி நடந்ததா? இல்லை. தேசிய நீச்சல் அணியில் இளம் பெண்களை மற்றவர்கள் முன்னால் எடை பார்த்து அவமானப்படுத்திய பழக்கம் 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. பலருக்கு உணவுக் கோளாறு ஏற்பட்டிருந்தது. நீச்சல் சம்மேளனம் மன்னிப்புக் கேட்டது.

சுருக்கமாக: அடியில் ஆயிரக்கணக்கான சங்கங்கள், நடுவில் இரண்டு தலைமை அமைப்புகள், உச்சியில் ஓர் அரசு உதவி அமைப்பு. நிதியில் ஒரு பகுதி மேலிருந்து வருகிறது. ஆட்கள் கீழிருந்து வருகிறார்கள்.

இப்போது மாறிக்கொண்டிருப்பவை

இந்த ஏற்பாடு இன்று நெருக்கடி இல்லாமல் இல்லை. பெரியவர்களில் நிறையப் பேர் சங்கத்தை விட்டு உடற்பயிற்சி நிலையங்களுக்கும் தனியாக ஓடுவதற்கும் மாறிவிட்டார்கள். மாதக் கட்டணம் கட்டினால் போதும், பொதுக்கூட்டம் கிடையாது, சட்டை துவைக்கும் முறை கிடையாது. நிர்வாகப் பொறுப்புக்கு ஆள் கிடைப்பதும் பல சங்கங்களில் கடினமாகிவிட்டது. டிஜிஐயும் கால்பந்துச் சம்மேளனமும் சேர்ந்து, லீக் ஆட்டங்கள் இல்லாமல் உடல்நலத்துக்காக மட்டும் பந்து ஆடும் குழுக்களைச் சங்கங்களுக்குள் தொடங்கியது இதற்கு ஒரு பதில்.

குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், சங்கங்களில் குறைவாகவே இருக்கிறார்கள் என்பது இன்னொரு கவலை. எல்லோருக்கும் திறந்த கதவு என்றாலும், கதவு இருப்பதே தெரியாதவர் எப்படி உள்ளே வருவார்? சந்தா கட்ட இயலாத குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பல நகராட்சிகள் அந்தத் தொகையைத் தாங்களே கட்டுகின்றன.

இங்கே நம்மவர்களின் அனுபவமும் உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் பலர் ஹெர்னிங், பிராண்டே போன்ற யூட்லாந்து ஊர்களில் குடியமர்ந்தார்கள். அவை ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஊரின் மாலைப் பொழுதை நிரப்பும் இடங்கள். தமிழ்ப் பள்ளி, பண்பாட்டு மன்றம், விளையாட்டுக் கழகம் என்று அவர்கள் தங்களுக்காகத் தொடங்கியவையும் விதிமுறை, நிர்வாகக் குழு, ஆண்டுக் கூட்டம் என்ற அதே சங்க வடிவத்தில்தான் உருவாயின.

புதிதாக டென்மார்க் போகிறவர் செய்ய வேண்டியது எளிது. தங்கும் ஊரின் பெயரோடு பிடித்த விளையாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடினால் சங்கம் கிடைத்துவிடும். பல சங்கங்களில் ஓரிரு முறை இலவசமாக வந்து ஆடிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் சந்தா கட்டுங்கள். ஆட வந்த சில வாரங்களிலேயே யாராவது ஒருவர் சிற்றுண்டிச் சாலையில் ஒரு மாலை நிற்க முடியுமா, அடுத்த சனிக்கிழமை கார் எடுக்க முடியுமா என்று கேட்பார். முடியும் என்று சொல்லுங்கள். மார்ச்சில் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தால் அதற்கும் போங்கள். மொழி அரைகுறையாகப் புரிந்தாலும் கை தூக்க அது தடையில்லை.